துரத்துவதும் ஒரு திறமையா?

"மனிதனுடைய நிஜ முகத்தைப் பார்க்க வேண்டுமானால், நீங்கள் எழுதுகிற நாவல்களை மூடி வைத்துவிட்டு ராத்திரி டெலிவிஷனைப் போட்டுப் பாருங்கள்" என்று எனக்கு உபதேசம் செய்கிறவர்களின் தொகை ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே வருகிறது. சொல்கிறவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்ல. பாங்கில் பெரிய வேலை பார்க்கிறவர்கள், கல்லூரியில் பாடம் சொல்கிறவர்கள், என் கதைகளைத் தொடர்ந்து வாசித்துக் கடிதம் எழுதும் அன்பர்கள். அவர்களுடைய வாதம் இதுதான்: பத்துப் பதினைந்து பேரைக் கொண்டுபோய் ஒரு வீட்டிலோ தீவிலோ அடைத்து வையுங்கள். வெளியுலகத் தொடர்பை அறுத்துவிடுங்கள். ஒரே வாரத்தில் நட்பும் நாணயமும் உதிர்ந்துவிடும். கட்சி கட்டுவார்கள், கோள் சொல்வார்கள், காலையில் கட்டித் தழுவியவனை மாலையில் காட்டிக் கொடுப்பார்கள். இதுதான் மனிதன், மற்றதெல்லாம் உங்களைப் போன்றவர்கள் கட்டிவிட்ட கதை!

இந்த வாதத்தை நான் மறுக்கிறேன். சூழ்ச்சியைக் கண்டு முகம் சுளிக்கும் சன்னியாசி என்பதால் மறுக்கவில்லை. கதை எழுதிப் பிழைக்கிறவன் சூழ்ச்சியை வெறுத்தால் அடுப்பில் பூனை தூங்கும். சகுனி இல்லாவிட்டால் பாரதம் இல்லை. கூனி இல்லாவிட்டால் இராமாயணம் அயோத்தியிலேயே முடிந்து போயிருக்கும். என் ஆட்சேபம் வேறு. இந்தப் போட்டிகள் நமக்குக் காட்டுவது மனித சுபாவத்தை அல்ல; ஒரு விதியின் சுபாவத்தை. விதி என்றால் தலைவிதி அல்ல, நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து காகிதத்தில் எழுதிய ஆட்ட விதி.

அந்த விதியின் பூர்வோத்தரத்தைச் சற்றுப் பாருங்கள். 1997ல் ஸ்வீடனில் 'ராபின்சன்' என்ற பெயரைத் தாங்கி ஒரு தீவுப் போட்டி பிறந்தது. 2000ல் அது அமெரிக்காவுக்குப் போய் 'சர்வைவர்' ஆயிற்று. மலேசியாவைச் சேர்ந்த ஒரு தீவில் 16 பேர், 39 நாள், கடைசியில் மிஞ்சுகிறவருக்குப் பத்து லட்சம் டாலர். குறிப்பிட்ட நாட்களுக்கு ஒருமுறை கூடி உட்கார்ந்து தங்களில் ஒருவரை வாக்குப் போட்டு வெளியே அனுப்ப வேண்டும். ரிச்சர்ட் ஹாட்ச் என்பவர் நாலு பேராகச் சேர்ந்து ஒரே ஆளுக்கு எதிராக வாக்கைப் போடுவது என்ற யுக்தியைக் கையாண்டார். மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசியில் அவரே வென்றார். அன்று முதல் அது ஒரு சாஸ்திரமாகிவிட்டது. இதற்கிடையே 1999ல் ஹாலந்தில் 'பிக் பிரதர்' தோன்றியது. மக்களை ஓயாமல் வேவு பார்க்கும் சர்வாதிகாரிக்கு ஜார்ஜ் ஆர்வெல் தம் நாவலில் வைத்த பெயர் அது. அச்சுறுத்துவதற்காக வைத்த பெயரை ஆசை காட்டுவதற்காக எடுத்துக்கொண்டார்கள்! அந்தப் பெரியண்ணன்தான் இந்தி வழியாகத் தமிழுக்கு வந்து, 2017 ஜூன் மாதம் கமல்ஹாசன் தொகுத்து வழங்க, 'பிக் பாஸ்' என்று விஜய் தொலைக்காட்சியில் குடியேறினார். 2021ல் ஜீ தமிழ் 'சர்வைவ'ரையும் கொண்டுவந்து சேர்த்தது. ஆப்பிரிக்காவின் ஸான்ஸிபார் தீவில், அர்ஜுன் நடத்த, 90 நாள் நடந்த அந்தப் போட்டியில் விஜயலட்சுமி ஒரு கோடி ரூபாய் வென்றார்.

இரண்டுக்கும் உயிர்நாடி ஒன்றே. ஒன்றில் போட்டியாளர்களே வாக்குப் போட்டு அனுப்புகிறார்கள். மற்றொன்றில் அவர்கள் பெயரைச் சொல்ல, நேயர்கள் வாக்குப் போடுகிறார்கள். எப்படியானாலும் யாராவது ஒருவர் போயே ஆக வேண்டும். எல்லோரும் உத்தமர்களாக இருந்துவிட்டால்? அப்போதும் ஒருவர் போகத்தான் வேண்டும். வந்தவர்கள் அனைவரும் தர்மபுத்திரர்களாகவே இருக்கட்டும். 'ஒருவன் பெயரைச் சொல்லு, இல்லாவிட்டால் உன் பெயர் வரும்' என்ற கத்தியைக் கழுத்தில் வைத்தால், அவர்களும் பத்தாவது நாள் மூலையில் நின்று குசுகுசு என்று பேசத்தான் செய்வார்கள். எலிப் பொறிக்குள் எலி ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்துவிட்டு, 'எலியின் சுபாவமே இப்படி ஓடுவதுதான்' என்று ஒருவர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினால் சிரிக்க மாட்டீர்களா?

நம்மவர்களுக்குத் தந்திரம் புதிதல்ல. பஞ்சதந்திரத்தில் முதல் தந்திரம் மித்திரபேதம்: சிங்கத்துக்கும் எருதுக்கும் இருந்த சிநேகத்தை நரி கலைத்த கதை. டெலிவிஷன்காரர்கள் அதோடு புத்தகத்தை மூடிவிட்டார்கள் போலிருக்கிறது. அடுத்த தந்திரம் சிநேகிதர்களைச் சம்பாதிக்கும் வழியைச் சொல்கிறது: காக்கையும் எலியும் ஆமையும் மானும் ஒன்றுக்கொன்று துணையாக நின்று வேடனிடமிருந்து தப்பிய கதை. அதுவும் கூட்டணிதான், அதிலும் உபாயம் உண்டு, திடுக்கிடும் திருப்பமும் உண்டு. ஆனால் அந்தக் கூட்டணி, கூட இருந்த ஆமையை மீட்பதற்காகப் பாடுபட்டது. அதைத் தள்ளிவிடுவதற்காக அல்ல.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தமிழ் 'சர்வைவ'ரில் இரண்டு அணிகளுக்குக் காடர்கள், வேடர்கள் என்று பெயர் சூட்டினார்கள். காடர்கள் என்று ஆனைமலைப் பக்கத்தில் உண்மையாகவே ஒரு மக்கள் இருக்கிறார்கள். தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்த பழங்குடிகள். அது போகட்டும். ஆளை அனுப்புகிற சபைக்கு 'ட்ரைபல் பஞ்சாயத்து' என்று பெயர் வைத்தார்களே, அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. பஞ்சாயத்து எதற்காக ஏற்பட்டது என்பதைப் பார்க்க ஸான்ஸிபாருக்குக் கப்பல் ஏற வேண்டாம். பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்குப் பஸ் ஏறினால் போதும்.

பழவேற்காடு சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர். பட்டணத்துவாசிகள் அங்கே டச்சுக்காரர்களின் கல்லறைகளையும், பூநாரைகளையும் பார்க்கப் போகிறார்கள். பார்க்க வேண்டியது இன்னொன்றும் உண்டு: 'பாடு' என்கிற முறை. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி இது. ஏரி பெரிதென்றாலும் எல்லா இடத்திலும் இறால் ஒரே மாதிரி படுவதில்லை. கடலும் ஏரியும் கலக்கிற முகத்துவாரத்தை ஒட்டிச் சில இடங்கள்தான் சொர்க்கம். ஆசைப்பட்டவர்கள் எல்லாம் அங்கே வந்து கழி நட்டு வலை கட்டினால் என்ன ஆகும்? முதல் நாள் வலை அறுபடும். மறுநாள் மண்டை உடையும். ஆகையால் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் போன்ற ஊர்களில் அந்த இடங்களை முறை வைத்துப் பங்கிட்டார்கள். உரிமை தலைக்கட்டுக் கணக்கு. யாருக்கு எந்த இடம், யாருக்கு எப்போது முறை என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவன் முறை முடிந்ததும் நகர வேண்டும். வாய்ப்புக் கிடைக்காதவனுக்கு அவன் முறை வந்தே தீரும்.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், இவர்கள் நம்மைவிட நல்லவர்கள் என்று நான் சொல்லவே இல்லை. ஆசை, பொறாமை, பங்காளிக் காய்ச்சல் எல்லாம் அங்கேயும் உண்டு. குப்பத்துக்குக் குப்பம் கட்சியும் உண்டு. ஆனால் குலுக்கலில் விழுகிற சீட்டைக் கோள் சொல்லி மாற்ற முடியாது. நாலு பேர் சேர்ந்து ஐந்தாமவனின் முறையைத் தின்றுவிட முடியாது. அதே மனித சுபாவம்தான், விதி வேறு. ஆகவே நடத்தையும் வேறு.

ஏரிக்கரையில் ஒரு டீக்கடையில் இந்தப் போட்டிகளில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தபோது, வலைக்குக் கயிறு கோத்துக்கொண்டிருந்த ஒரு முதியவரிடம் கேட்டேன்:

"இதிலே யார் கெட்டிக்காரர் என்று நினைக்கிறீர்கள், பெரியவரே?"

அவர் திரையை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார்: "கெட்டிக்காரன் இருக்கட்டும் சார். ஆளு கொறைஞ்சா இவங்களுக்குப் பங்கு கூடுது, தள்ளுறாங்க. இங்க நான் இன்னிக்கு ஒருத்தனைத் தள்ளிட்டேன்னு வையுங்க. நாளைக்கு என் படகு மணல்ல தட்டி நின்னா, அதை யாரு வந்து தள்ளுவா?"

போட்டியில் நூறாவது நாளோடு கதவு திறந்துவிடும். அதற்குமேல் யார் முகத்திலும் விழிக்க வேண்டியதில்லை. குப்பத்தில் நூற்றோராவது நாளும் அதே ஏரி, அதே ஆள். துரோகம் லாபமாவது, முடிவு நாள் தெரிந்த ஆட்டத்தில்தான். நம் வாழ்க்கை அப்படிப்பட்ட ஆட்டமா? உங்கள் அலுவலகம், உங்கள் தெரு, உங்கள் சம்பந்தி வீடு, எதற்காவது நூறாவது நாள் உண்டா?

இங்கே என் அன்பர்கள் குறுக்கிடுவார்கள். "மீனவப் பஞ்சாயத்தை மெச்சுகிறீரே, ஊர்விலக்கு என்ற கொடுமை அங்கே இருந்ததில்லையா? பாட்டிலே எல்லோருக்கும் இடம் உண்டா?" நியாயமான கேள்வி. பூசி மெழுகாமல் பதில் சொல்கிறேன். பாட்டு உரிமை வழிவழியாகப் பட்டினவர்களுக்கு மட்டுமே இருந்து வந்தது. அதே ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளருக்கும், மற்றச் சாதியாருக்கும் அதில் முறை இல்லை. பெண்களுக்குத் தனித் தலைக்கட்டும் இல்லை. இதனால் தகராறுகள் பல நடந்திருக்கின்றன. அது தீர வேண்டிய அநியாயம்தான். ஆனால் கவனியுங்கள்: அந்தத் தகராறு எதற்காக? 'எங்களுக்கும் முறை கொடு' என்பதற்காக. உள்ளே வருவதற்கான சண்டை அது. ஊர்விலக்கு விஷயத்திலும் அப்படியே. ஒருவனை ஊர் விலக்கி வைத்தால் அதை நாம் கொடுமை என்கிறோம். பத்திரிகைகள் கண்டிக்கின்றன, வழக்குப் போடுகிறோம். அதே காரியத்தை விளக்குப் போட்டு, காமிரா வைத்து, வாரா வாரம் செய்து, கடைசிவரை விலக்கப்படாமல் தப்பியவருக்குக் கோடி ரூபாயும் கொடுத்தால் அதற்குப் பெயர் ஸ்ட்ராடஜியா?

"இது வெறும் விளையாட்டுத்தானே ஐயா, சதுரங்கத்தில் காய் வெட்டுவதில்லையா?" என்பது அடுத்த சமாதானம். விளையாட்டு என்று சொல்லி நிறுத்தியிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்கவே மாட்டேன். பொழுது போகிறது, பார்க்கிறார்கள். நடிப்பவர்களுக்கும் ஊதியம் கிடைக்கிறது. ஆனால் சதுரங்கம் ஆடி முடித்தவர் எவரும், 'பார்த்தீர்களா, குதிரையின் உண்மைக் குணத்தை!' என்று சொல்வதில்லை. இங்கே சொல்கிறார்கள். சொல்லிச் சொல்லிக் கடைசியில் நம்பியும் விடுகிறார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன், பக்கத்து மேஜைக்காரனைப் பார்த்து, 'இந்த மாதம் எலிமினேஷன் நீயா நானா?' என்று கணக்குப் போடுகிறான். அவனைக் கெட்டவன் என்று நான் சொல்ல மாட்டேன். உலகமே பொறி என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

உண்மையில் ரசிகர்களின் மனசு இன்னும் அந்தப் பாடத்தை முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை என்பதற்கு நம்மிடமே சாட்சி உண்டு. 2017ல் முதல் 'பிக் பாஸ்' நடந்தபோது, வீட்டில் பலர் ஒரு பக்கமாகச் சேர்ந்து நிற்க, ஓவியா தனித்து நின்றார். தமிழ்நாடு யார் பக்கம் சேர்ந்தது? கட்சி கட்டியவர்களின் சாமர்த்தியத்தை மெச்சிற்றா? இல்லை, ஒதுக்கப்பட்டவர் பக்கம் அலை அலையாகத் திரண்டது. அவரும் ஆகஸ்டு மாதமே போட்டியை விட்டு விலகிவிட்டார். துரத்துவதை ரசிக்க உட்கார்ந்த கூட்டம் துரத்தப்படுபவருக்காகக் கண் கலங்கிற்றே, மனித சுபாவம் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் அதைச் சொல்லுங்கள்.

பழவேற்காட்டு முறை ஏதோ ஒரு மூலையில் நடக்கும் அதிசயம் என்றும் தள்ளிவிடாதீர்கள். இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் பாடு உண்டு. துருக்கியில் அலான்யா என்ற கடற்கரை ஊரில் ஒவ்வொரு செப்டம்பரிலும் சீட்டுப் போட்டு மீன்பிடி இடங்களைப் பிரித்துக்கொண்டு, நாளுக்கு ஓர் இடமாக நகர்ந்துகொண்டே போகும் வழக்கம் இருந்தது. இத்தகைய முறைகளை ஆராய்ந்து எழுதிய எலினோர் ஆஸ்ட்ரம் என்ற அம்மையாருக்கு 2009ல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. பொதுச் சொத்தை மனிதர்கள் அடித்துத் தின்றே தீர்ப்பார்கள் என்ற பண்டிதர்களின் முடிவை அவர் பல ஊர்களின் அனுபவங்களைத் திரட்டி ஆராய்ந்து மறுத்தார்.

இன்று அந்த ஏரியில் முகத்துவாரம் மணல் தூர்ந்து அடைத்துக்கொள்கிறது. தெற்கே எண்ணூரிலிருந்து அனல்மின் நிலையங்களும் துறைமுகங்களும் வரிசை கட்டி நிற்கின்றன. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கும் திட்டம் வந்தபோது, இறாலுக்காகத் தங்களுக்குள் சண்டை போட்ட குப்பங்களே ஒன்றாக நின்று எதிர்த்தன. நேயர்களே, கூட்டணி என்பதன் அர்த்தம் அதுதான். அதிலும் வியூகம் உண்டு, நாடகம் உண்டு, அழுகையும் ஆவேசமும் உண்டு. வாக்குப் போட்டு யாரையும் அனுப்பாததால் அதற்கு ராத்திரி வேளையில் இடம் ஒதுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

போட்டியைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் 'இந்த வாரம் யார் வெளியே?' என்று கேட்பதற்கு முன்னால், 'யாராவது வெளியே போயே ஆக வேண்டும் என்று யார் முடிவு செய்தார்கள்?' என்று ஒரு தடவை கேட்டுவிட்டுப் பாருங்கள்.