வெறுங்கையோடு மீளுதல்

இயற்கைப் படமெடுக்கப் புறப்படும் நம் மாணவ நண்பர்களுட் பலர், மழையைத் தம் கலைக்குப் பிறவிப் பகையென்று கருதி வருகின்றனர். கீழ்வானம் சிறிது கறுத்த அளவிலேயே, "இன்று போக வேண்டாம்" என்று காமிராவை உறைக்குள் இட்டுவிடுகின்றனர். துணிந்து சென்றவரும், இரண்டு தூறல் விழுந்தவுடன் அம்பத்தூர் ரயில் நிலையத்துக் கூரையின்கீழ் ஒதுங்கி நின்று, அன்றைய பொழுது வீணாயிற்றென்று மனங்கசந்து மீள்கின்றனர். இக்கருத்து நம் ஊருக்குச் சிறிதும் பொருந்தாதென்பதும், மழையினுங் கொடிய பகை படமெடுப்போன் நெஞ்சுக்குள்ளேயே குடியிருக்கின்றதென்பதும் எமது துணிபு.

மேனாட்டு நூல்களைக் கொண்டு படக்கலை பயில்வோர்க்கு வெயிற்காலமே நற்காலமாகத் தோன்றலாம். நம் நிலை வேறு. சென்னையின் மேற்புறத்தில் கொரட்டூர், அம்பத்தூர், அயப்பாக்கம், ஆவடியை அடுத்த பருத்திப்பட்டு, போரூர், பூவிருந்தவல்லிக்கு அப்பாலுள்ள செம்பரம்பாக்கம் என ஏரிகள் பல கிடக்கின்றன. இவை பெரும்பாலும் வானம் பார்த்த ஏரிகள். இப்பக்கத்தில் ஓராண்டிற் பெய்யும் மழையிற் பாதிக்கு மேற்பட்டது அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் வடகீழ்ப் பருவக்காற்றினாற் பெய்கின்றது. கிளுவையும் ஊசிவால் வாத்தும் உள்ளானும் இமயத்துக்கு அப்பாலிருந்து வலசை வந்து சேர்வதும் ஏறக்குறைய அம்மாதங்களிலேதான். எனவே, பறவை வரும் பருவமும் புயல் வரும் பருவமும் நமக்கு ஒன்றே. மழை வேண்டாம், பறவை மட்டும் வேண்டும் என்பார் கூற்று, உழவு வேண்டாம், நெல் மட்டும் வேண்டும் என்பார் கூற்றை ஒக்கும்.

இதன் மறுபக்கத்தையும் நாம் கண்டதுண்டு. 2019ஆம் ஆண்டுக் கோடையில் வானம் மாசு மறுவின்றி இருந்தது; ஒளிக்கு ஒரு குறையுமில்லை. ஆனால் செம்பரம்பாக்கம் ஏரியின் தரை வெடித்துக் கிடந்தது. நகரத்தார் குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றனர். படமெடுப்போனுக்கு உண்மையில் இடையூறாவது எது, கருமேகமா, மேகமில்லாத வானமா என்பதற்கு அவ்வாண்டு தக்க விடை தந்தது.

மேகம் ஒளியைக் குறைக்கின்றதென்பது மெய்யே. ஆயினும், அது ஒளியை மென்மையாக்குகின்றது என்பதை நம்மவர் எண்ணுவதில்லை. உச்சி வெயிலில் நிற்கும் கொக்கைப் படமெடுத்துப் பார்த்தோர் அறிவர்: இறகின் அடுக்கெல்லாம் அழிந்து வெள்ளைத் துணி உலர்த்தினாற்போலக் காணும். மூடிய வானத்தின்கீழ் அதே கொக்கின் ஒவ்வோர் இறகும் தனித்தனியே புலப்படும். பறக்கும் பறவையை அசைவறப் பிடிக்க ஒளி போதாதெனின், நிற்கும் பறவையை எடுக்கலாம். ஷட்டரைச் சிறிது தாமதமாக்கி, மழைத்தாரை கோடு கோடாக விழுவதை அதன் பின்னே காட்டலாம். முதல் மழைக்குப் பின் புற்றினின்றும் ஈசல் புறப்படுங்கால், கரிச்சானும் பஞ்சுருட்டானும் நடத்தும் விருந்தை எந்தத் தெளிந்த நாளிற் காணவியலும்? செம்பட்டு நூலால் நெய்தாற்போன்ற தம்பலப்பூச்சி ஈரமண்ணில் ஊர்வதும் அக்காலத்தேதான். பெருங்காமிராவுக்கு ஒளி போதாத அந்நேரத்தில், தரையிற் குனிந்து பார்ப்பவனுக்குக் கைத்தொலைபேசியே போதியதாகும்.

அமெரிக்க நாட்டு வெர்மான்ட் மாகாணத்தில் வில்சன் பென்ட்லி என்றோர் உழவர் வாழ்ந்தார். அயலார் கதவடைத்துக் கணப்பருகே ஒடுங்கும் பனிப்புயல் நாட்களே அவருக்கு அறுவடை நாட்கள். 1885ஆம் ஆண்டு நுண்ணோக்கியோடு காமிராவை இணைத்துப் பனித்துகளைப் படமெடுத்தார். அதன் பின் வாழ்நாள் முழுவதிலும் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட துகள்களின் உருவங்களைப் பதிவு செய்தார். அவர் 1931ஆம் ஆண்டு, பனிப்புயலில் நெடுந்தூரம் நடந்து வீடு சேர்ந்தபின் கண்ட நிமோனியாவினால் மாண்டார் என்பதையும் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. கெட்ட வானிலை அவருக்குப் புகழ் தந்தது, உயிரையும் கொண்டது.

கருவியைக் காத்தல் பற்றிச் சில கூறுவோம். நம் மாணவர் கையிலுள்ள காமிரா பெரும்பாலும் தமையனுடையதாகவோ நண்பனுடையதாகவோ இருப்பதால், அது நனைந்தால் நனைவது நட்புமாகும். குளிரூட்டிய அறையினின்றும் எடுத்த லென்ஸ், புழுக்கமான ஏரிக்கரையில் உடனே வியர்க்கும். பையைத் திறவாமல் அரைமணி நேரம் வெளியில் வைத்திருந்தால் அத்துன்பம் இராது. தடித்த பிளாஸ்டிக் பை ஒன்று, பருத்தித் துணி இரண்டு, அகலமான குடை ஒன்று: இவை விலையுயர்ந்த மழையுறைகளுக்கு ஈடாகும். கருவி நனைந்துவிட்டால் மின்கலத்தை உடனே கழற்றிவிட வேண்டும். இயக்கிப் பார்க்கும் ஆவலை அடக்க வேண்டும். அரிசிப் பானைக்குள் புதைக்கும் வழக்கம் பலரிடம் உண்டு. அரிசித் தூசு உள்ளே புகுமாதலின், அதனை யாம் விரும்புவதில்லை. சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் மலிவானவை. மழைக்காலம் முழுவதும் பெட்டிக்குள் இருந்தால் லென்ஸிற் பூஞ்சை பிடியாது.

இனி, மழையினும் மனத்தைச் சோர்விக்கும் தடையொன்றுண்டு. மழை விட்டது, ஏரி நிறைந்தது, வானம் வெளுத்தது என்று மகிழ்ந்து செல்வோன், அங்கே பறவையே இல்லாமை கண்டு திகைப்பான். இது வியப்பன்று. நீர் ததும்பி நிற்குங்கால் உள்ளானுக்கும் நாரைக்கும் கால் ஊன்றச் சேற்றுத்தரை இராது. ஊர்தோறும் குளங்குட்டைகள் நிறைந்திருத்தலின் பறவைகள் சிதறிப் போகும். தை, மாசியில் நீர் வடியத் தொடங்கிய பின்னரே அவை திரளும். ஆகவே நவம்பரில் ஏமாந்தவன் பிப்ரவரியில் மீண்டும் செல்லுதல் வேண்டும். ஆகாயத்தாமரை படர்ந்து நீரே தெரியாத இடத்திலும், அதன்மீது நடந்து திரியும் இலைக்கோழியும் தாழைக்கோழியும் பொறுத்திருப்போனுக்குக் காட்சி தரும்.

பொறுமைக்கு நம்மவருள்ளேயே ஒரு சான்று கூறலாம். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன், பல உறுப்புக்களைக் கூட்டித் தாமே அமைத்துக்கொண்ட பெருங்காமிராவுக்குச் 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரிட்டு, யானைமீதமர்ந்து காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையிற் படமெடுத்தவர். அது பிலிம் காலம். எடுத்த படம் நன்றோ தீதோ என்பது, சுருளைக் கழுவிய பின்னரே தெரியவரும். காட்டுக்குச் செல்லாத நாட்களிலும் அவர் கண்கள் ஓய்ந்திருக்கவில்லை. 1950 முதல் 1996இல் மறையும் வரையில் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இடையறாது எழுதி வந்த கட்டுரைகளில், காட்டு யானைக்கு இடமிருந்தது போலவே வீட்டுப்புறத்துச் சிற்றுயிர்களுக்கும் இடமிருந்தது.

நெஞ்சிலுள்ள பகை என்று முன்னர்க் கூறியது யாதெனில், வெறுங்கையோடு மீள நாணும் நாணமே. இருமுறை மழையால் தடைப்பட்டவன், மூன்றாம் முறை எப்படியேனும் ஒரு படம் கொண்டுபோக வேண்டும் என்று உறுதி கொள்கின்றான். அவ்வுறுதியே தீங்குக்கு வித்தாகின்றது. நீரில் அமர்ந்திருக்கும் கூட்டத்தின்மீது கல்லெறிந்து எழுப்புவோரையும், தொலைபேசியிற் பதிந்த குரலை ஒலிக்கச் செய்து பறவையை ஏமாற்றுவோரையும், கூட்டை மறைக்கும் இலையைக் கிள்ளி எறிவோரையும் நாம் கண்டிருக்கின்றோம். நெடுவழி பறந்து இளைத்து வந்த வாத்துக்கு, வீணே எழுந்து பறக்கும் ஒவ்வொரு முறையும் உடற்கொழுப்பில் இழப்பாகும். இலையைக் கிள்ளிய கூட்டை வெயிலும் காக்கையும் விடா. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டையையும் கூட்டையும் கலைப்பதை 'வேட்டையாடுதல்' என்னும் சொல்லின் பொருளுக்குள்ளேயே அடக்கியிருக்கின்றது. துப்பாக்கியில்லாத வேட்டைக்காரனைச் சட்டம் அறிந்திருக்கின்றது. படக்காரர் இன்னும் அறியவில்லை.

அந்நாணம் பறவைக்கு மட்டுமன்றி, படமெடுப்போனுக்கும் கேடு சூழும். கலங்கல் வழியே நீர் பாயும் காட்சி அழகியதென்பதில் ஐயமில்லை. ஆனால் 2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளிலே செம்பரம்பாக்கத்தினின்றும் வினாடிக்கு 29,000 கன அடி நீர் வெளியேறியதையும், அடையாற்றங்கரைக் குடியிருப்புக்கள் மூழ்கியதையும் மறந்தவர் யார்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூர் தொழிற்பேட்டையே நீரில் நின்றது. அத்தகைய நாட்களிற் காமிராவைத் தூக்கிக்கொண்டு கரைமீது திரிவதைத் துணிவு என்று யாம் ஒப்பமாட்டோம். பாசி படிந்த கலங்கற் கல் எவ்வளவு வழுக்கும் என்பது கால் வைத்த பின்னரே தெரியும். இடி முழங்குங்கால் வெட்டவெளியான ஏரிக்கரையும் அதன்மேல் நிற்கும் பனைமரமும் மின்னலுக்கு இலக்காவன. நீர் ஏறியபோது வளையிழந்த பாம்புகளும் கரையையே நாடும். மழையிற் செல்க என்ற யாமே, புயலிற் செல்லற்க என்கின்றோம்; இரண்டுக்கும் இடையேயுள்ள எல்லையை வானிலை நிலையத்தார் அறிவிப்பைக் கேட்டு அறிதல் எளிது.

படம் கிடையாத நாளிலும் எழுதுதற்குப் பொருளுண்டு. தேதி, காற்றின் திசை, மதகில் நீர் நின்ற அளவு, கேட்ட குரல்கள், கண்ட பறவையின் தொகை ஆகியவற்றை ஒரு சிறு ஏட்டிற் குறித்து வரலாம். பத்தாண்டு கழித்துக் கொரட்டூர் ஏரிக்கு நாமக்கோழி எப்போது வந்தது என்று ஒருவர் வினவினால், அழகிய படத்தினும் அவ்வேடே அவருக்குப் பயன்படும்.

கல்லூரிகளில் நடைபெறும் படக் கண்காட்சிகளை நடத்துவோர்க்கு ஒரு வேண்டுகோள் உண்டு. முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டின் படங்களை, எத்துணை அழகியனவாயினும், போட்டிக்கு ஏலாமல் விடுக. ஒவ்வொரு படத்தின்கீழும் அது எவ்வாறு எடுக்கப்பட்டதென இரண்டு வரி எழுதச் செய்க. மழையில் நனைந்த குறிப்பேடுகளைப் பார்வைக்கு வைக்க ஒரு மேசை ஒதுக்குக; அதற்கும் ஒரு பரிசு அளித்தால் முதலாண்டிலேயே எத்தனை ஏடுகள் வந்து சேரும் என்பதைப் பார்க்கலாம்.