கொலையாளி ஏன் சிக்கவில்லை?

தென் கொரிய இயக்குநர் போங் ஜூன்-ஹோவின் ‘மெமரீஸ் ஆஃப் மர்டர்’ 2003இல் திரைக்கு வந்தது. பின்னாளில் ‘பாரசைட்’ படத்துக்காக ஆஸ்கர் வென்ற போங்குக்கு இது இரண்டாவது முழுநீளப் படம். தொடர் கொலையாளி ஒருவனைத் தேடி அலையும் துப்பறிவாளர்களின் கதை. கொரியத் திரையரங்குகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதைப் பார்த்தார்கள். அதே ஆண்டு ஸ்பெயினின் சான் செபாஸ்டியன் திரைப்பட விழாவில் போங்குக்குச் சிறந்த இயக்குநர் விருது கிடைத்தது. இவ்வகைப் படங்களுக்கென்று ஒரு வாய்பாடு உண்டு: பிணம் கிடைக்கும், தடயங்கள் சேரும், கூர்மதி படைத்த ஒருவர் அவற்றைக் கோப்பார், கடைசியில் குற்றவாளி பிடிபடுவான். போங்கின் படத்தில் பிணங்கள் கிடைக்கின்றன, தடயங்கள் சேர்கின்றன, குற்றவாளி மட்டும் பிடிபடுவதில்லை. ‘கொலையாளி யார்?’ என்று தொடங்கும் படம், ‘அவன் ஏன் சிக்கவில்லை?’ என்ற கேள்வியில் போய் நிற்கிறது. முதல் கேள்விக்கு 2019இல் விடை கிடைத்தது. இரண்டாவது கேள்வியே பெரியது என்பதை அந்த விடையே மெய்ப்பித்துவிட்டது.

ஹ்வாசோங்கில் நடந்தவை

படத்துக்கு அடிப்படை உண்மைச் சம்பவங்கள். தலைநகர் சோலுக்குத் தெற்கே, கியோங்கி மாகாணத்தில் உள்ள ஹ்வாசோங் அப்போது வயல்களும் சிற்றூர்களும் நிறைந்த பகுதி. அங்கே 1986 செப்டம்பருக்கும் 1991 ஏப்ரலுக்கும் இடையில் 10 பெண்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களில் இளையவருக்கு வயது 13; மூத்தவருக்கு 71. பெரும்பாலோர் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கப்பட்டு, கழுத்து நெரிக்கப்பட்டு, வயல் வெளியிலும் கால்வாய் ஓரத்திலும் கிடந்தார்கள். அவர்களுடைய உடைகளையே கயிறாக்கிக் கட்டுவது கொலையாளியின் வழக்கம்.

விசாரணையில் ஈடுபட்ட காவலர்களின் வேலை நாட்களைக் கூட்டினால் 20 லட்சத்தைத் தாண்டும். விசாரிக்கப்பட்டவர்கள் 21,000க்கும் மேல். ஆயினும் வழக்கு துலங்கவில்லை. நாடகாசிரியர் கிம் குவாங்-ரிம் இதை 1996இல் மேடை நாடகமாக்கினார். அந்த நாடகமும் உண்மை வழக்கின் விவரங்களும் சேர்ந்து போங்கின் திரைக்கதைக்கு அடித்தளம் ஆயின.

கொலைகள் நடந்த காலத்தைப் படம் அழுத்தமாகப் பதிவுசெய்கிறது. அது ஜெனரல் சுன் டூ-ஹ்வானின் ராணுவ ஆட்சி முடிவை நெருங்கிய காலம். 1987 ஜனவரியில் பார்க் ஜோங்-சோல் என்ற மாணவர் போலீஸ் காவலில் சித்திரவதை செய்யப்பட்டு இறந்தார். அதை மறைக்க நடந்த முயற்சி அம்பலமானதும் மக்கள் கொதித்தெழுந்தார்கள். ஜூன் மாதம் நாடெங்கும் நடந்த போராட்டம் நேரடி அதிபர் தேர்தலுக்கு வழிவகுத்தது. அரசின் முழுக் கவனமும் தெருவில் திரண்ட மாணவர்களை அடக்குவதில் இருந்த ஆண்டுகளில்தான், வயல்வெளிப் பாதையில் தனியே நடந்து வீடு திரும்பிய பெண்கள் கொல்லப்பட்டார்கள்.

இவ்விரண்டையும் படம் ஒரே காட்சியில் இணைத்துக் காட்டுகிறது. மழை பெய்யும் ஓர் இரவில் அடுத்த கொலை நடக்கப்போகிறது என்று துப்பறிவாளர்கள் கணிக்கிறார்கள். அப்பகுதியைச் சுற்றி வளைக்கக் கூடுதல் படை கேட்டு மேலதிகாரி தொலைபேசியில் மன்றாடுகிறார். படையினர் அனைவரும் ஆர்ப்பாட்டத்தை அடக்கப் போய்விட்டார்கள் என்பதே பதில். இன்னோரிடத்தில், போர்க்காலப் பாதுகாப்புப் பயிற்சிக்காகச் சங்கு ஊதுகிறது. கடைகளின் கதவுகள் இறங்குகின்றன. வீடுகளில் விளக்குகள் அணைகின்றன. அரசு கட்டளையிட்டு உண்டாக்கிய அந்த இருட்டில் ஒரு பள்ளிச் சிறுமி இழுத்துச் செல்லப்படுகிறாள். மக்களைக் காப்பதாகச் சொல்லும் ஏற்பாடே கொலையாளிக்கு மறைவிடமாகிறது. படம் முன்வைக்கும் குற்றச்சாட்டு இதைவிடத் தெளிவாக வேறெங்கும் சொல்லப்படவில்லை.

இரு துப்பறிவாளர்கள்

கதையின் மையத்தில் இருவர் இருக்கிறார்கள். உள்ளூர் துப்பறிவாளர் பார்க் டூ-மான், ஒருவரின் கண்ணைப் பார்த்தே குற்றவாளியா இல்லையா என்று சொல்லிவிடும் திறமை தனக்கு உண்டு என்று நம்புபவர். இந்தப் பாத்திரத்தில் சோங் காங்-ஹோ நடித்திருக்கிறார். சோலிலிருந்து தானே விரும்பி வந்து சேரும் சியோ டே-யூன், ஆவணங்கள் பொய் சொல்லாது என்பதில் உறுதியானவர். இப்பாத்திரம் கிம் சாங்-கியூங் ஏற்றது.

டூ-மானின் நம்பிக்கையைப் படம் தொடக்கத்திலேயே சோதிக்கிறது. காவல் நிலையத்தில் இரண்டு இளைஞர்கள் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள். ஒருவன் வன்புணர்வு செய்தவன். மற்றவன் பாதிக்கப்பட்ட பெண்ணின் அண்ணன். யார் எவர் என்று கண்ணைப் பார்த்துச் சொல் என்கிறார் மேலதிகாரி. டூ-மான் உற்றுப் பார்க்கிறார். விடை என்னவென்று படம் பார்வையாளருக்குச் சொல்லாமலே நகர்ந்துவிடுகிறது. முகத்தைப் பார்த்து நீதி வழங்க முடியாது என்ற உண்மை எவ்வித உபதேசமும் இன்றி நிறுவப்படுகிறது.

டூ-மானும் அவருடைய கூட்டாளி சோ யோங்-குவும் முதலில் பிடிப்பது பேக் குவாங்-ஹோ என்ற மனவளர்ச்சி குன்றிய இளைஞனை. அடித்து, உதைத்து, மிரட்டி, ஒப்புதல் வாக்குமூலத்தை மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். குவாங்-ஹோவின் காலணியைக் கொண்டு அவர்களே தடம் பதித்துச் சான்று தயாரிக்கிறார்கள். பத்திரிகையாளர்கள் முன்னிலையில் குற்றத்தை நடித்துக் காட்டச் சொல்லும்போது எல்லாம் குலைகிறது. மேலதிகாரி பதவி இழக்கிறார். அந்த இளைஞன் உண்மையில் கொலையைக் கண்ட சாட்சி என்பது பின்னர்தான் தெரிகிறது. அதற்குள் போலீஸ் என்றாலே அஞ்சி நடுங்கும் நிலைக்கு அவன் ஆளாகியிருக்கிறான். விசாரிக்க நெருங்குபவர்களிடமிருந்து தப்பி ஓடும் அவன் ரயிலில் அடிபட்டு இறக்கிறான். கொலையாளியைக் கண்டவன் என்று படத்தில் அறியப்படும் ஒரே மனிதனை, விசாரணை முறையே அழித்துவிடுகிறது.

விசாரணைக் கைதிகளை மிதித்த யோங்-குவின் கால் துருப்பிடித்த ஆணி குத்தி, நோய் முற்றி, வெட்டி எடுக்கப்படுகிறது. பழிக்குப் பழி என்ற எளிய நீதியாக இதைக் கொள்ளத் தோன்றலாம். ஆனால், அந்தக் காயம் ஏற்படும் மதுக்கடைக் காட்சியின் பின்னணியில் போலீஸ் சித்திரவதை பற்றிய செய்தி தொலைக்காட்சியில் ஓடுகிறது. தனிமனிதக் கொடுமையாகத் தோன்றுவது அன்றைய ஆட்சியின் அன்றாட நடைமுறை என்பதை இயக்குநர் நினைவூட்டுகிறார்.

பார்வையாளருக்கு வைக்கும் சோதனை

படத்தின் ஆழமான பகுதி பிற்பாதியில் வருகிறது. கொலை நடக்கும் மழை இரவுகளில் எல்லாம் வானொலியில் ஒரே பாடல் ஒலிபரப்பாகிறது. அதை விரும்பிக் கேட்டு எழுதியவர் ஆலைத் தொழிலாளி பார்க் ஹியோன்-கியூ. மென்மையான கைகள், அமைதியான முகம், கலங்காத பதில்கள். உயிர் தப்பிய ஒரு பெண் சொன்ன அடையாளமும் அவருடைய கைகளோடு பொருந்துகிறது. இவர்தான் கொலையாளி என்று சியோ நம்புகிறார், பார்வையாளரும் நம்புகிறார்.

அறிவியல் முறையின் பிரதிநிதியாக வந்த சியோ, இப்போது அடிக்கத் தொடங்குகிறார். அவர் அறிந்த பள்ளிச் சிறுமி ஒருத்தி கொல்லப்பட்டதும், ரயில் சுரங்கப்பாதையின் வாசலில் ஹியோன்-கியூவைத் துப்பாக்கி முனையில் நிறுத்துகிறார். அந்த நேரத்தில் அமெரிக்காவிலிருந்து மரபணுப் பரிசோதனை அறிக்கை வந்து சேர்கிறது: பொருந்தவில்லை. ஆவணம் பொய் சொல்லாது என்றவர் ஆவணத்தை நம்ப மறுக்கிறார். கண்ணே சாட்சி என்றவர், ஹியோன்-கியூவின் கண்களை உற்றுப் பார்த்துவிட்டுத் தனக்குத் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்கிறார்.

குவாங்-ஹோ அடிபட்டபோது அருவருப்படைந்த பார்வையாளர், ஹியோன்-கியூ அடிபடும்போது உள்ளூர விரும்புகிறார். அடி விழுவது ஒன்றுதான்; அடிபடுபவர் குற்றவாளி என்ற நம்பிக்கை மட்டுமே புதிது. அந்த நம்பிக்கைக்குச் சான்று இல்லை. சித்திரவதை எப்படி ஒரு சமூகத்தின் ஒப்புதலைப் பெறுகிறது என்பதைப் படம் விளக்கிச் சொல்வதில்லை. பார்வையாளரின் மனத்திலேயே அதை நிகழ்த்திக் காட்டுகிறது. கொலையாளியை மேதையாகவும் துப்பறிவாளரை மீட்பராகவும் சித்திரிக்கும் படங்களால் எட்ட முடியாத இடம் இது.

படத்தின் மீது வைக்கத்தக்க ஒரு விமர்சனமும் உண்டு. கொல்லப்பட்ட பெண்கள் பெரும்பாலும் பிணங்களாகவே திரையில் வருகிறார்கள். அவர்களுடைய வாழ்க்கை குறித்து அறியக் கிடைப்பது சொற்பம். ஆயினும் விசாரணையின் பயனுள்ள இரண்டு தகவல்களும் பெண்கள் வழியாகவே வருகின்றன. வானொலிப் பாடலுக்கும் கொலைகளுக்கும் உள்ள தொடர்பைக் கவனிப்பவர் காவலர் குவோன் குவி-ஓக். உயிர் தப்பிய பெண் மனம் திறந்து பேசுவதும் அவரிடம்தான். அந்த நிலையத்தில் அவருக்கு ஒதுக்கப்படுவதோ பெரும்பாலும் எடுபிடி வேலைகள். பெண்கள் கொல்லப்படும் வழக்கில் பெண்களின் பேச்சுக்குக் கடைசி இடம் தந்த அமைப்பு தோற்றதில் வியப்பில்லை.

திரைக்கு வெளியே தொடர்ந்த வழக்கு

படத்தின் இறுதிப் பகுதி 2003இல் நிகழ்கிறது. காவல் பணியை விட்டு வணிகராகிவிட்ட டூ-மான், முதல் பிணம் கிடைத்த வடிகாலுக்கு வருகிறார். சில நாட்களுக்கு முன் வேறொருவரும் அங்கே வந்து பார்த்ததாக ஒரு சிறுமி சொல்கிறாள். முகம் எப்படி இருந்தது என்று கேட்டால், சாதாரணமான முகம் என்கிறாள். டூ-மான் திரும்பி நேராக கேமராவைப் பார்க்கிறார். கொலையாளி படம் பார்க்க வரக்கூடும் என்று கருதியே இந்தப் பார்வையை அமைத்ததாக போங் பின்னர் கூறினார். கொலை வழக்கு தொடுக்க அன்றைய கொரியச் சட்டம் அனுமதித்த காலவரம்பு 15 ஆண்டுகள். படம் வெளியானபோது கடைசிக் கொலைக்கு இன்னும் மூன்று ஆண்டு அவகாசம் இருந்தது. 2006 ஏப்ரலில் அதுவும் முடிந்தது.

2019 செப்டம்பரில், பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த தடயப் பொருட்களின் மரபணு, லீ சுன்-ஜே என்பவருடையதோடு பொருந்தியது. 1994இல் மனைவியின் தங்கையைக் கொன்ற குற்றத்துக்காக அவர் ஏற்கெனவே ஆயுள் தண்டனை அனுபவித்துவந்தார். ஹ்வாசோங் கொலைகள் பத்தையும் சேர்த்து 14 கொலைகளை அவர் ஒப்புக்கொண்டார். கொலைகள் நடந்த காலத்திலேயே போலீஸார் அவரை விசாரித்திருந்தார்கள். கொலையாளியின் ரத்த வகை ‘பி’ என்று அவர்கள் முடிவுகட்டியிருந்தார்கள். லீயின் ரத்த வகை ‘ஓ’. அவர் விடுவிக்கப்பட்டார். காலவரம்பு கடந்துவிட்டதால் இந்தக் கொலைகளுக்காக அவரை இனித் தண்டிக்க முடியாது.

இதைவிடக் கசப்பானது எட்டாவது கொலையின் கதை. 1988இல் 13 வயதுச் சிறுமி அவளுடைய வீட்டிலேயே கொல்லப்பட்ட அந்த வழக்கில், போலியோவால் கால் பாதிக்கப்பட்ட 22 வயது இளைஞர் ஒருவர் 1989இல் கைதானார். தூங்கவிடாமல், அடித்து, வாக்குமூலம் வாங்கினார்கள். சம்பவ இடத்தில் கிடைத்த முடியின் மீதான ஆய்வும் அவருக்கு எதிரான அறிவியல் சான்றாக முன்வைக்கப்பட்டது. ஆயுள் தண்டனை பெற்று, சுமார் 20 ஆண்டுகள் சிறையில் இருந்து, 2009இல் பரோலில் வெளிவந்தார். அந்தக் கொலையும் தன்னுடையதே என்று லீ சொன்ன பிறகே மறுவிசாரணை நடந்தது. வாக்குமூலம் சட்டவிரோதமாகப் பெறப்பட்டது, முடி ஆய்வின் முடிவும் நம்பத்தக்கதல்ல என்று கூறி, 2020 டிசம்பரில் சுவோன் மாவட்ட நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என அறிவித்தது. காவல் துறை மன்னிப்புக் கேட்டது. படம் திரையரங்குகளில் ஓடியபோது அவர் சிறையில் இருந்தார்.

டூ-மானின் முறையும் சியோவின் முறையும் இந்த ஒரே வழக்கில் கைகோத்துத் தோற்றிருக்கின்றன. அடித்து வாங்கிய வாக்குமூலமும் பிழையான ஆய்வும் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்தன. எப்படியாவது ஒருவரைக் குற்றவாளி என்று காட்டியாக வேண்டிய அவசரத்தில் இருக்கும் அமைப்புக்கு, கைத்தடியைப் போலவே ஆய்வகமும் கருவியாகிவிடும். ஆகவே அறிவியல் புலனாய்வு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற வாதம் பாதி உண்மையே. சான்றைத் தனித்துச் சரிபார்க்கும் நீதிமன்றம், காவலில் இருப்பவருக்கு வழக்கறிஞர், தவறு செய்த அதிகாரியிடம் விளக்கம் கேட்கும் ஏற்பாடு ஆகியவை இருந்தால்தான் மரபணுச் சோதனைக்கும் மதிப்பு.

கொரியா 2015இல் கொலைக் குற்றத்துக்கான காலவரம்பை நீக்கியது. தடயங்களைப் பல்லாண்டுகள் பாதுகாத்த பொறுமையால்தான் 2019இல் உண்மை வெளிவந்தது. இவை இரண்டும் நல்ல மாற்றங்கள். ஆனால், காலம் கடந்து குற்றவாளியைக் கண்டறிய உதவுபவை. காலத்தே அவனைப் பிடிக்கத் தவறியதற்கான காரணங்களைப் படம் ஏற்கெனவே வரிசையாக அடுக்கிவிட்டது: மக்களை எதிரியாகப் பார்த்த அரசு, வாக்குமூலத்தையே வெற்றி என்று எண்ணிய காவல் துறை, அஞ்சிப் பேச மறுத்த சாட்சி, சொன்னாலும் செவிசாய்க்கப்படாத பெண்கள். ஓர் அப்பாவியை அடித்து உதைத்துக் குற்றவாளியாக்கும் ஒவ்வொரு முறையும் உண்மைக் குற்றவாளிக்கு அடுத்த கொலை வரை அவகாசம் கிடைக்கிறது. அடி உதை விசாரணையைத் திறமை என்று கொண்டாடும் எந்தச் சமூகமும் அந்த அவகாசத்துக்கான விலையை உயிர்களாகத்தான் கொடுக்கும்.