தார் தீர்ந்தால் நாடா ஓடுமா?

கிணற்றில் தண்ணீர் இறைக்கிற பம்பு தெரியும். சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்பு தெரியும். மனிதன் வயிற்றுக்குள் வைக்கிற பம்பு தெரியுமா?

சிரிக்க வேண்டாம். நிஜமாகவே இருக்கிறது!

வட்ட வடிவில், உள்ளங்கைக்குள் அடங்குகிற ஓர் உலோகப் பெட்டி. வயிற்றுத் தோலுக்கு அடியில் ஆபரேஷன் செய்து வைக்கிறார்கள். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் கிளம்பி, விலாவைச் சுற்றிப் போய், முதுகுத்தண்டைச் சுற்றியுள்ள நீருக்குள் நுழைகிறது. பெட்டியில் இருக்கிற மருந்து சொட்டுச் சொட்டாக அங்கே இறங்குகிறது. இரவு பகல் பாராமல் இறங்குகிறது.

ஆரணிக்காரர்களுக்கு விளங்கச் சொன்னால், நாடாவுக்குள் தார் இருக்கிற மாதிரி. நாடா ஓட ஓடத் தாரிலிருந்து இழை கழன்று பாவுக்குள் போகிறதல்லவா? அந்த வேலையைத்தான் இந்தப் பம்பு உடம்புக்குள் செய்கிறது.

இது நேற்றுக் கண்டுபிடித்த சமாசாரமும் அல்ல. 1970-களிலேயே அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் டாக்டர் ஹென்றி புக்வால்ட் குழுவினர் இப்படி ஒரு பம்பைச் செய்து காட்டினார்கள். அதற்குக் கரண்டும் கிடையாது, பேட்டரியும் கிடையாது. உடம்புச் சூட்டில் உள்ளே இருக்கிற ஆவி விரிந்து மருந்தை வெளியே தள்ளும். அவ்வளவுதான்! பின்னால் வந்தவை பேட்டரியில் ஓடுகின்றன. மருந்து எவ்வளவு இறங்க வேண்டும் என்பதை டாக்டர் வெளியில் இருந்தபடியே ஒரு கருவியால் கூட்டலாம், குறைக்கலாம்.

யாருக்கு இது?

இடுப்பு வலி, முதுகு வலி என்று வருகிறவர்களுக்கெல்லாம் இதை வைப்பதில்லை. குழித்தறியில் உட்கார்ந்து மிதித்து மிதித்து முதுகு போனவர்கள் ஊரில் ஆயிரம் பேர். அவர்களுக்கு வேறு வைத்தியம் உண்டு.

இது புற்றுநோய் முற்றியவர்களுக்கு. எத்தனை மாத்திரை போட்டாலும் அடங்காத வலி உள்ளவர்களுக்கு. வலி அடங்கினாலும் மயக்கமும் வாந்தியும் தாங்க முடியாதவர்களுக்கு. முதுகுத்தண்டில் அடிபட்டுக் கால்கள் கட்டையாக விறைத்துப் போனவர்களுக்கும் 'பாக்லோஃபென்' என்ற மருந்தை இதே வழியில் செலுத்துகிறார்கள்.

வாயால் விழுங்குகிற மார்பின் மாத்திரை உடம்பெல்லாம் சுற்றிவிட்டுத்தான் வலி இருக்கிற இடத்துக்குப் போகிறது. பம்பு நேராக முதுகுத்தண்டிலேயே கொடுத்துவிடுகிறது. அதனால் சுமார் 300-ல் ஒரு பங்கு மருந்தே போதும். மயக்கமும் குறைவு.

நல்ல விஷயம்தான். ஆனால் விலை? பல லட்சம் ரூபாய்! பட்டுப்புடவை நெய்கிறவன் வீட்டில் அந்தப் பணத்துக்கு எங்கே போவான்?

வைத்தால் போதுமா?

சரி, யாரோ ஒரு புண்ணியவான் பணம் கொடுத்தார், பம்பு வைத்தாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். கதை அங்கே முடியவில்லை. அங்கேதான் ஆரம்பம்.

சில வாரத்துக்கோ சில மாதத்துக்கோ ஒருமுறை மருந்து தீரும். தோலுக்கு மேலிருந்தே ஊசி குத்தி மறுபடி நிரப்ப வேண்டும். கை பழகிய டாக்டர்தான் செய்ய வேண்டும். ஊசி பெட்டிக்குள் போகாமல் சதைக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. நாள் தப்பினாலும் ஆபத்து. பாக்லோஃபென் திடீரென நின்றால் கடும் காய்ச்சல், விறைப்பு என்று போய் உயிரே போகலாம். சில வருஷத்தில் பேட்டரி தீர்ந்தால் பெட்டியையே மாற்ற வேண்டும்.

ஒவ்வொரு தடவையும் நோயாளியைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு ஓட முடியுமா? தறி வீட்டில் ஒருவர் படுத்தாலே பாதித் தறி நின்ற மாதிரி. புருஷன் நெய்வார், மனைவி தார் சுற்றுவார். ஒருவரை இன்னொருவர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் அன்றைக்கு இரண்டு கூலியும் போச்சு!

முதலில் மாத்திரை

எல்லோருக்கும் பம்பு என்று நாம் கேட்கவில்லை. பெரும்பாலான புற்றுநோய் வலி, முறையாகக் கொடுத்தால் மார்பின் மாத்திரைக்கே அடங்கும். உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே இதைச் சொல்லிவிட்டது. மாத்திரையின் விலையும் அதிகமில்லை.

அந்த மார்பினுக்கு மூலமான அபினியை அரசு அனுமதியோடு விளைவிக்கிற நாடு நம் நாடு. நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசாங்கத் தொழிற்சாலையே உண்டு. இருந்தும் 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம், கடத்தல்காரனுக்குப் போட்ட வேலியில் நோயாளியையும் மாட்டிவிட்டது. இத்தனை உரிமம் வாங்குவானேன் என்று ஆஸ்பத்திரிகள் ஒதுங்கின. 2014-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையம் இப்போது பல இலாகாக்களின் படியேற வேண்டியதில்லை. எனவே சட்டத்தைக் காட்டி இனி யாரும் தப்பிக்க முடியாது.

2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டிலேயே வலி தணிப்புச் சிகிச்சை தருவதையும் சேர்த்தார்கள். பாராட்ட வேண்டிய காரியம். அந்தக் கை ஆரணியின் நெசவாளர் தெருக்களில் ஒவ்வொரு வாசலையும் தட்ட வேண்டும்.

நாம் கேட்பது இதுதான்:

ஆரணி அரசு ஆஸ்பத்திரியில் மார்பின் மாத்திரை எந்த நாளும் இருப்பில் இருக்க வேண்டும். அதைக் கொடுக்கப் பயிற்சி பெற்ற டாக்டரும் இருக்க வேண்டும்.

மாத்திரைக்கு அடங்காத ஒரு சிலருக்குப் பம்பு தேவை என்று டாக்டர்கள் சொன்னால், ஏழை என்பதற்காக அது மறுக்கப்படக் கூடாது. அரசுக் காப்பீடு ஆபரேஷனோடு நிற்காமல், மருந்து நிரப்புகிற செலவையும் ஏற்க வேண்டும்.

நிரப்புகிற வேலை திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரியிலேயே நடக்க வேண்டும். சென்னைக்கு அலைய விடக் கூடாது.

நாடாவை வாங்கிக் கொடுத்துவிட்டுத் தாரைக் கொடுக்காவிட்டால் துணி விழுமா? இந்தப் பாடம் ஆரணியில் பத்து வயசுப் பிள்ளைக்கும் தெரியும்.

கோட்டையில் இருப்பவர்களுக்கும் தெரிய வேண்டும். ஊருக்கெல்லாம் கல்யாணப் பட்டு நெய்து கொடுத்தவன், கடைசி நாளில் வலியில் துடித்துக்கொண்டு கண் மூடக் கூடாது.

செய்வார்களா?