ஊசி போட்டது முதுகுல, காதுல இல்ல

1/ "முதுகுல ஊசி போட்டு ஆபரேசன் பண்ண பேஷன்ட்ஸ் கிட்டத்தட்ட எல்லாருமே 'திருப்தி'ன்னு டிக் அடிச்சிருக்காங்க மேடம்." போன வாரம் சக டாக்டர் ஒருத்தர் பெருமையா சொன்னார். எனக்குப் பெருமை வரல, கோபம்தான் வந்துச்சு. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமான த்ரெட்.

2/ அந்த ஃபார்மை எப்ப நீட்டுறோம்? டிஸ்சார்ஜ் அன்னிக்கு. மடியில புள்ள, வெளிய ஆட்டோ, எதிர்ல சிஸ்டர். அப்ப யாரு 'திருப்தி இல்ல'ன்னு எழுதுவா?

3/ முக்கூடல் பக்கம் பீடி சுத்துற ஒரு அக்கா, சிசேரியன் ஆனவங்க. 'மிகவும் திருப்தி'ன்னு டிக் அடிச்சிருந்தாங்க. பக்கத்துல யாரும் இல்லாதப்ப உக்காந்து கேட்டேன்.

"வலிக்கல டாக்டரம்மா. ஆனா பிரியாணி எந்தக் கடையில நல்லாருக்கும்னு பேசிக்கிட்டே இருந்தாவ. திடீர்னு ஒருத்தர் 'என்ன இப்படி ரத்தம் போகுது'ன்னாவ. செத்துருவேன்னு நெனச்சு கண்ண இறுக்கி மூடிக்கிட்டேன்."

4/ மரத்துப் போனது நெஞ்சுக்குக் கீழதான். காது நல்லாவே கேக்கும். முழிச்சிருக்கிற மனுஷியை வச்சுக்கிட்டு, தூங்குறவங்க முன்னாடி பேசுற மாதிரி பேசுறோம்.

5/ நான் முதுகு ஊசிக்கு எதிரி இல்ல. 1898ல ஜெர்மனியில ஆகஸ்ட் பியர் தொடங்கி வச்சது. தன் மேலயே சோதிச்சுப் பாக்கப் போய் நாள் கணக்கா தலைவலியில கிடந்தார். இன்னிக்கு ஊசி அவ்வளவு மெல்லிசு, அந்தத் தலைவலி ரொம்பவே குறைஞ்சிருச்சு. சிசேரியனுக்கு முழு மயக்கத்தை விட பெரும்பாலும் இதுதான் பாதுகாப்பு. புள்ளையோட முதல் அழுகையை அம்மா கேக்கலாம்.

6/ 2019-21 தேசிய குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டுல 100 பிரசவத்துல கிட்டத்தட்ட 45 சிசேரியன். அதுல பெரும்பாலானது முதுகு ஊசியிலதான். அதனால இது ஒரு அக்காவோட கதை மட்டும் இல்ல.

7/ அடுத்தது இன்னும் மோசம். "வலிக்குது"ன்னு சொன்னா, "அது வலி இல்லம்மா, சும்மா இழுக்குறதுதான்." அழுத்தம் தெரியும், இழுக்குற மாதிரி இருக்கும், உண்மைதான். ஆனா அது வலியா இல்லையான்னு சொல்ல வேண்டியது அவங்க. கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி நெஞ்சு வரைக்கும் மரத்துச்சான்னு சோதிக்கணும். நடுவுல வலிச்சா கையை நிறுத்தணும், மருந்து கூட்டணும், தேவைப்பட்டா முழு மயக்கம் தரட்டுமான்னு கேக்கணும். பிரிட்டனில் 2022ல இதுக்குன்னே வழிகாட்டுதல் வந்தாச்சு.

8/ "ஊசி போட்டதுல இருந்து முதுகுவலி"ன்னு சொன்னா சிரிக்கிறோம். நாள்பட்ட முதுகுவலிக்கு ஊசி காரணம்னு ஆய்வுகள் காட்டல, சரி. நாள் பூரா குனிஞ்சு பீடி சுத்துறது, குடம் தூக்குறது, குனிஞ்சே பால் குடுக்குறது எல்லாம் முதுகைப் பதம் பாக்கும். ஆனா இதை ஊசிக்கு முன்னாடி யாராவது அவங்ககிட்ட சொன்னோமா? "குனி, அசையாத", அவ்வளவுதானே?

9/ "நாளைக்கு இத்தனை கேஸ், நேரம் எங்க மேடம்?" கால் மரத்து கனக்கும், நடுக்கம் வரலாம், குமட்டலாம், சுரண்டுற மாதிரி தெரியும், வலிச்சா உடனே சொல்லு. இதைச் சொல்ல மூணு நிமிஷம் போதும். பிரியாணிப் பேச்சு அதை விட நீளம்.

10/ டிக் அடிக்கிற ஃபார்மைத் தூக்கிப் போடுங்க. ஒரு வாரம் கழிச்சு, வீட்டுக்குப் போற கிராம செவிலியர் ரெண்டே கேள்வி கேக்கட்டும்: எங்கயாவது வலிச்சுதா? எப்ப பயந்தீங்க? அப்ப வர்ற பதில்தான் நம்ம உண்மையான மார்க்கு.

11/ தாய்மார்களே, தியேட்டர்ல வலிச்சா பல்லைக் கடிச்சுக்கிட்டு கிடக்காதீங்க. தலைமாட்டுல நிக்கிறவர்தான் மயக்க டாக்டர். "வலிக்கி"ன்னு சத்தமா சொல்லுங்க. கேக்க வேண்டியது எங்க வேலை.