மின்னஞ்சலும் முறைப்பாடுதான்

பேர்லின் நொய்கெல்னில் நம்மவர்கள் நடுவே ஒரு பேச்சு வேரூன்றிவிட்டது: "கம்பனிக்கு மெயில் போட்டு என்ன பிரயோசனம்? கணக்கெடுக்க மாட்டாங்கள். கடிதமாய் எழுதி, கையொப்பம் வைச்சு, பதிவுத்தபாலில் போடு." பிரிட்ஸ் முருகன் கோயில் வாசலிலும் கேட்டிருக்கிறேன், கார்ல் மார்க்ஸ் தெருக் கடைகளிலும் கேட்டிருக்கிறேன். அக்கறையோடு சொல்லும் புத்திமதிதான். ஆனால் பெரும்பாலான காரியங்களில் அது பிழை. அந்தப் பிழையால் ஆதாயம் கம்பனிகளுக்கு மட்டுமே.

கையொப்பம் இல்லாதது செல்லாது என்பது முதல் வாதம். ஜேர்மன் குடியியல் சட்டம் எழுத்து வடிவத்தையும் உரை வடிவத்தையும் பிரித்தே பார்க்கிறது. முன்னதற்குத்தான் கைப்பட இட்ட கையொப்பம் வேண்டும். பின்னதற்கு, எழுதியவர் யார் என்று தெரிந்து, சேமித்து வைத்துத் திரும்ப வாசிக்க முடிந்தால் போதும். மின்னஞ்சல் அதற்குள் அடங்கும். 2016 ஒக்டோபர் 1 முதல் செய்த ஒப்பந்தங்களில், வாடிக்கையாளரின் அறிவித்தலுக்கு உரை வடிவத்தைவிடக் கடுமையான வடிவம் வேண்டும் என்று கம்பனி தன் பொது நிபந்தனைகளில் எழுதினால், அந்த நிபந்தனையே செல்லாது. கைத்தொலைபேசி, மின்சாரம், உடற்பயிற்சிக்கூடம் எல்லாவற்றையும் மின்னஞ்சலில் நிறுத்தலாம். ஆனால் வாடகை வீட்டை விடும்போதும் வேலையை விடும்போதும் கையொப்பமிட்ட தாள்தான் வேண்டும். இந்த இரண்டையும் மறக்கவே கூடாது.

"எக்கச்சக்கமாய் வருகிறது, எப்படி வாசிப்பது?" என்பது கம்பனிகளின் பக்கத்து நியாயம். அதற்கு இந்த நகரத்திலேயே தீர்ப்பு வந்துவிட்டது. கூகிள் தன் ஜேர்மன் தளத்தில் ஒரு மின்னஞ்சல் முகவரி கொடுத்திருந்தது. அதற்கு எழுதியவர்களுக்கு, மடல்கள் அளவுக்கு மீறி வருவதால் இங்கே வருபவை வாசிக்கப்படமாட்டா என்று தன்னியக்கப் பதில் ஒன்று போனது. உதவிப் பக்கங்களையும் படிவங்களையும் பாருங்கள் என்றது. நுகர்வோர் நடுவங்களின் கூட்டமைப்பு வழக்குப் போட்டது. 2014இல் பேர்லின் லான்ட்கெரிக்ட் கூகிளுக்கு எதிராகத் தீர்த்தது. 2017 நவம்பரில் மேல்நீதிமன்றமான காமர்கெரிக்ட் அதை உறுதிசெய்தது. ஒவ்வொரு மடலையும் ஓர் ஆள் தனித்தனியே பார்க்க வேண்டுமா என்ற கேள்விக்கு மேல்நீதிமன்றம் பதில் சொல்லவில்லை. ஆனால் யார் என்ன எழுதினாலும் ஒரே பதிலைக் கொடுத்து வேறிடத்துக்குத் திருப்பிவிட முடியாது என்று தெளிவாகச் சொன்னது. தளத்தில் முகவரி போடச் சட்டம் கட்டாயப்படுத்துவது வாடிக்கையாளர் நேரடியாகத் தொடர்புகொள்ளத்தான், அலங்காரத்துக்கு அல்ல.

அப்படியானால் இணையப் படிவம்? ஐரோப்பிய நீதிமன்றம் 2008இல் ஒரு காப்புறுதிக் கம்பனியின் வழக்கில் படிவத்தை ஏற்றுக்கொண்டது உண்மை. ஆனால் மின்னஞ்சலோடு கூடுதலாக வைக்கும் வழியாகத்தான் ஏற்றது, அதற்குப் பதிலாக அல்ல. படிவத்தில் அனுப்பியதன் பிரதி பல வேளை நம் கையில் தங்குவதுமில்லை.

"தொலைபேசியில் கதைத்தால் உடனே முடியும்" என்பவர்களிடம்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. என் கட்டடத்தில் ஒரு அக்கா இருக்கிறார். மின்சாரக் கட்டணம் வழமையைவிட இரண்டு மடங்காக வந்தது. எடுத்தால் பாட்டு ஓடும். ஆள் வந்தால் டொச் வேகமாகப் போகும். கடைசியில் பள்ளிக்கூடம் போகும் மகளிடம் தொலைபேசியைக் கொடுத்து, தாயின் கடன் கணக்கை அந்தப் பிள்ளையின் வாயால் கேட்க வைத்தார்கள். நாங்கள் குசினி மேசையில் இருந்து ஒரு மடல் எழுதினோம். தலைப்பில் வாடிக்கையாளர் இலக்கமும் மின்மானி இலக்கமும். கீழே எளிய டொச்சில் நாலு வரி. மானியைப் படம் எடுத்து இணைத்தோம். அன்றைய வாசிப்பு அதில் தெளிவாகத் தெரிந்தது. திருத்திய பில் வந்தது. கதைக்கும்போது தடுமாறுகிற மனிதர் எழுதும்போது நிதானமாக யோசிக்கலாம், நாலு பேரிடம் காட்டித் திருத்தலாம். இந்த ஊரில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை. வாய்வழிப் பேச்சில் யார் என்ன சொன்னார் என்பதற்கு எங்களிடம் எதுவும் மிஞ்சுவதில்லை.

ஆதாரம் என்று வரும்போது பதிவுத்தபாலை மலைபோல் நம்புகிறார்கள். 2025 ஜனவரியில் கூட்டாட்சித் தொழில் நீதிமன்றம், பெட்டியில் போடும் பதிவுத்தபாலுக்கு அனுப்பிய ரசீதும் இணையத்தில் காட்டும் நிலையும் மட்டும் கடிதம் சேர்ந்ததைக் காட்டப் போதாது என்று தீர்த்தது. உறைக்குள் என்ன இருந்தது என்பதை ரசீது எப்போதுமே சொல்வதில்லை. மின்னஞ்சல் அனுப்பிய பதிவும் தனியே முழு ஆதாரமாகாது. ஆகவே மடலிலேயே, கிடைத்ததை உறுதிப்படுத்தும்படி கேளுங்கள். அந்தப் பதில் வந்துவிட்டால், என்ன எழுதினீர்கள், எப்போது எழுதினீர்கள் என்ற இரண்டும் ஒரே இடத்தில் நிற்கும்.

மின்னஞ்சல் பாதுகாப்பற்றது என்ற வாதத்துக்காக 2011இல் டி-மெயில் என்ற பாதுகாப்பான மின்னஞ்சல் சேவைக்கென்று தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். மக்கள் அதை எடுக்கவில்லை. டெலிகொம் 2022இல் அந்தச் சேவையை நிறுத்தியது. பில்லையும் விலையேற்ற அறிவித்தலையும் சாதாரண மின்னஞ்சலில் அனுப்பும் கம்பனி, அதே வழியில் நாங்கள் எழுதினால் மட்டும் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவது நேர்மையில்லை.

முகவரி தளத்தின் அடியில் 'இம்பிரெசும்' என்ற பகுதியில் இருக்கும். அங்கே எழுதுங்கள். இது வாசிக்கப்படமாட்டாது என்று பதில் வந்தால் அழிக்காதீர்கள். நீங்கள் எழுதிய மடலையும் சேர்த்து நுகர்வோர் நடுவத்துக்கு அனுப்புங்கள்.