விதியல்ல, கிருமி!

கொள்ளிடத்தின் வடகரையிலே இருக்கிறது ஏலாக்குறிச்சி. வீரமாமுனிவர் வாழ்ந்து தமிழ்த் தொண்டு புரிந்த ஊர். அடைக்கல மாதா கோயிலை நாடி நோயுற்ற பிள்ளைகளோடு தாய்மார்கள் வரும் ஊர். அந்த ஊரானாலும் சரி, அரியலூர் சிமெண்ட் ஆலைகளைச் சுற்றியுள்ள தொழிலாளர் குடியிருப்பானாலும் சரி, பிறவியிலேயே கண்ணில் புரை விழுந்த குழந்தையை, கை தட்டினாலும் திரும்பிப் பார்க்காத குழந்தையை இடுப்பிலே சுமந்து நிற்கும் தாயிடம் ஊரார் என்ன சொல்கிறார்கள்? "கிரகணத்தன்று வெளியே போயிருப்பாய்" என்கிறார்கள். "முன்ஜென்மத்து வினை" என்கிறார்கள். மாமியார் மருமகளைப் பழிக்கிறாள். மருமகள் தன் தலையெழுத்தைப் பழிக்கிறாள்.

தோழர்களே, அந்தக் குழந்தைகளில் பலரைக் கெடுத்தது வினையுமல்ல, விதியுமல்ல. ஒரு கிருமி! ரூபெல்லா என்பது அதன் பெயர்.

பெரியவர்களுக்கு வந்தால் அது அற்ப நோய். இலேசான காய்ச்சல், உடம்பிலே சிவந்த தடிப்பு, மூன்று நாளில் மறைந்துவிடும். வந்ததே தெரியாமல் போவதும் உண்டு. ஆனால் கர்ப்பிணிக்கு முதல் மூன்று மாதத்துக்குள் வந்தால், நூற்றுக்குத் தொண்ணூறு வரையில் கருவிலுள்ள சிசு பாதிக்கப்படுகிறது. கண்ணிலே புரை, காதிலே செவிடு, இருதயத்திலே கோளாறு, மூளை வளர்ச்சியிலே தடை. பிறந்தபோது தெரிந்தது மட்டும்தானா? இல்லை. பிற்காலத்தில் நீரிழிவும் தைராய்டு நோயும் தலைகாட்டுகின்றன. காது கேளாதது இரண்டு மூன்று வயதில்தான் வீட்டாருக்கே புலப்படுகிறது. அதற்குள் பேச்சு வளர வேண்டிய பருவம் கழிந்துவிடுகிறது.

இந்த உண்மையை உலகுக்குச் சொன்னவர் நார்மன் கிரெக் என்ற ஆஸ்திரேலியக் கண் மருத்துவர். 1941இல், கண் புரையோடு வந்த குழந்தைகளின் தாய்மார்களை அவர் பழிக்கவில்லை. அவர்கள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார். கர்ப்ப காலத்தில் அம்மை கண்டது என்றார்கள். அதிலிருந்து பிறந்தது ஒரு விஞ்ஞானம். 1964-65இல் அமெரிக்காவில் இந்நோய் பரவியபோது சுமார் 20,000 குழந்தைகள் ஊனத்தோடு பிறந்தனர். 1969இல் அந்நாட்டிலே தடுப்பூசி வந்துவிட்டது.

நம் நாட்டில் என்ன நடந்தது? 1993-94இல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் கண் புரையுள்ள பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். ஓராண்டுக்கு உட்பட்ட சிசுக்களில் நாலில் ஒரு பங்குக்கு ரூபெல்லாவே காரணம் என்று கண்டார்கள். ஆனாலும், ரூபெல்லா ஊசி எல்லோருக்கும் இலவசமாக நம் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு வந்தது 2017இல்தான். நாற்பத்தெட்டு ஆண்டுத் தாமதம்! அதுவரை தனியார் மருத்துவமனையில் காசு கொடுத்தவன் பிள்ளைக்கு ஊசி. கல்லுடைப்பவன் பிள்ளைக்கு வெறுங்கை.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. பாதிப் பேருக்கு மட்டும் ஊசி போட்டால் நோய் ஒழிவதில்லை. பரவும் வேகம் மட்டும் குறைகிறது. சிறு வயதிலே வந்து போயிருக்க வேண்டியது, பெண்கள் கருவுறும் வயதிலே வருகிறது. கிரீஸ் நாட்டிலே இதுதான் நடந்தது. அரைகுறையாக ஊசி போட்ட அந்நாட்டில், 1993இல் இளம் பெண்களிடையே ரூபெல்லா பரவி, பிறவி ஊனத்தோடு குழந்தைகள் பிறந்தன. ஆகவே, வசதியுள்ளவனுக்கு மட்டும் தடுப்பு என்பது ஏழைக்குப் பாதுகாப்பின்மை மட்டுமல்ல, புதிய ஆபத்துமாகும். போட்டால் எல்லோருக்கும் போட வேண்டும்!

2017 பிப்ரவரியில் தமிழகப் பள்ளிகளிலே, 9 மாதம் முதல் 15 வயதுக்குட்பட்ட ஒன்றே முக்கால் கோடிப் பிள்ளைகளை இலக்காக வைத்து ஊசி இயக்கம் தொடங்கியது. உடனே வாட்ஸ்அப்பிலே புரளி கிளம்பிற்று. ஊசி ஆபத்து என்றார்கள். பிள்ளைகளை வீட்டிலே நிறுத்திக்கொண்டார்கள். பிப்ரவரியோடு முடிய வேண்டிய இயக்கத்தை மார்ச்சிலும் நீட்டிக்க வேண்டியதாயிற்று. புரளியைப் பரப்பியவன் எவனும் ஒரு செவிட்டுக் குழந்தைக்குப் பேச்சு கற்றுக்கொடுக்க வரப்போவதில்லை.

இன்று நாம் கவனிக்க வேண்டியது இதுதான். 2017இல் 15 வயதைத் தாண்டியிருந்த பெண்களுக்கு அந்த ஊசி கிடைக்கவில்லை. அவர்கள்தாம் இப்போது தாய்மார்களாகிறார்கள். அவர்களில் இயற்கையாக எதிர்ப்புச் சக்தி பெறாதவர்களைக் காப்பது எது? தெருவிலே ஓடியாடும் பிள்ளைகளிடம் நோய் இல்லாமலிருப்பதுதான். ஆகவே ஆண் பிள்ளைக்கும் இந்த ஊசி அவசியம். அவனுக்குப் போடும் ஊசி, அடுத்த வீட்டுக் கர்ப்பிணியின் வயிற்றிலுள்ள சிசுவுக்குக் கவசம்.

2015இல் அமெரிக்கக் கண்டங்கள் ரூபெல்லாவை ஒழித்துவிட்டன. நம் நாட்டிலோ 2020 என்றார்கள், 2023 என்றார்கள், பிறகு 2026 என்று கெடுவைத் தள்ளினார்கள். கெடுவைத் தள்ளலாம், தாயின் வயிற்றிலே வளரும் கருவுக்குக் கெடுவைத் தள்ள முடியுமா?

சர்க்காரை நாம் கேட்பது: பிறந்த குழந்தை ஒவ்வொன்றுக்கும் வீடு திரும்புமுன் காதும் கண்ணும் சோதிக்க வேண்டும். 2022இல் அரியலூரில் மருத்துவக் கல்லூரி வந்திருக்கிறது. அதன் பயன் ஏலாக்குறிச்சித் தெரு வரை நடந்து வர வேண்டும். ஊசி போடாத இளம் பெண்களுக்குக் கருவுறுவதற்கு ஒரு மாதமாவது முன்பே போட வேண்டும். கர்ப்ப காலத்தில் போடலாகாது.

நம் தோழர்கள் செய்ய வேண்டியது: ஒன்பது மாதம் முடிந்ததும் ஒரு ஊசி, ஒன்றரை வயதையொட்டி இரண்டாவது. கிளைதோறும் வீடு வீடாகப் போய் அட்டையைப் பாருங்கள். செங்கல் சூளையிலும் ஆலைக் கொட்டகையிலும் தங்கும் வெளிமாநிலத் தொழிலாளியின் பிள்ளையை விட்டுவிடாதீர்கள். கிருமிக்கு மொழியும் மாநிலமும் தெரியாது. ஏற்கெனவே பாதிக்கப்பட்ட பிள்ளை இருந்தால், "விதி" என்று சொல்லும் வாயை அடக்கி, அந்தத் தாயை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆறு வயதுக்குள் போனால் காது கேட்கும் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வழி உண்டு. நாள் கடத்தினால் அந்த வழியும் அடைபடும்.

தாயைப் பழிப்பது சுலபம். அட்டையைப் பார்ப்பது வேலை. அந்த வேலையை இன்றே தொடங்குவோம்!