புதுச் சுங்கான்

உலகத்தில் எந்தப் புது வஸ்துவும் வாங்கின அன்றைக்கே நமக்குக் கீழ்ப்படிவதில்லை. புதுச் செருப்பு காலைக் கடிக்கிறது. புது மண்சட்டியில் முதல் நாளே குழம்பு வைத்தால் குழம்பில் மண் வாசனை வீசுகிறது. அதனால்தான் நம் வீட்டு ஸ்திரீகள் சட்டியைத் தண்ணீரில் ஊறப்போட்டு, கஞ்சி காய்ச்சிக் கொட்டி, நாலு நாள் பழக்கிய பிறகே சமையலுக்கு எடுக்கிறார்கள். புது நாட்டுப்பெண்ணைப் பற்றியும் இப்படியே பேசும் மாமியார்கள் உண்டு. அந்த விஷயத்தில் நாம் தலையிடப் போவதில்லை.

ஆனால் இந்தப் பழக்கும் கலையில் நமக்கு ஒரு சந்தேகம் உண்டு. பழக்குகிறவர் யார், பழகுகிறவர் யார் என்பது எப்போதும் தெளிவாகத் தெரிகிறதா? கும்மிடிப்பூண்டிக்குப் போய் வந்த பிறகு இந்தச் சந்தேகம் ரொம்பவும் பலப்பட்டுவிட்டது.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் நம் நண்பர் ஒருவர் உலை மேற்பார்வை செய்து வருகிறார். இருபத்தைந்து வருஷ உத்தியோகம்; முப்பது வருஷப் பீடி. சென்ற வருஷம் இருமல் அதிகமாகி, டாக்டர் கண்டிப்பாகச் சொன்னதன் பேரில் பீடியை விட்டிருந்தார். ஒரு நாள் காலை அவருடைய மனைவி நம்மை டெலிபோனில் கூப்பிட்டார்.

"அண்ணா, ஞாயிற்றுக்கிழமை ஒரு நடை வந்துவிட்டுப் போங்கள். வீட்டுக்குக் குழாய் வந்திருக்கிறது" என்றார்.

"சந்தோஷமான சமாசாரம்தானே, அம்மா! தண்ணீர் நன்றாக வருகிறதா?" என்று கேட்டோம்.

"தண்ணீர்க் குழாய் இல்லை, அண்ணா. புகைக் குழாய்!"

விஷயம் இதுதான். சீமையில் வேலை பார்க்கும் மருமகப்பிள்ளை, விடுமுறைக்கு வந்தபோது மாமனாருக்கு ஓர் அழகான 'பைப்' கொண்டுவந்து கொடுத்திருந்தார். "மாமா, இது பீடி மாதிரி இல்லை. புகையை உள்ளே இழுக்க வேண்டாம். வாயில் வைத்து வெளியே விட்டால் போதும். கெடுதலே இல்லை" என்று சிபாரிசும் செய்திருந்தார். மாப்பிள்ளை சொல்லைத் தட்டுகிற மாமனார் நம் தேசத்தில் ஏது?

* * *

இந்த இடத்தில் நம்முடைய குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட வேண்டும். அந்த அம்மாள் நம்மை எதற்காகக் கூப்பிட்டார் என்பது நமக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பத்திரிகைக்காரனுக்கு ஒரு துர்க்குணம் உண்டு. ஒரு விஷயத்தைப் பற்றி நாலு புத்தகம் புரட்டிவிட்டால், படித்ததை யாரிடமாவது சொல்லாமல் அவனால் இருக்க முடியாது. சனிக்கிழமை முழுதும் நாம் புதுப் பைப்பைப் பழக்குவது எப்படி என்று படித்துத் தீர்த்தோம். ஞாயிறு காலை புறநகர் ரயில் ஏறியபோது அந்த அம்மாளின் கவலை நம் மனத்தில் இல்லை. நம்முடைய பாண்டித்தியமே நிறைந்திருந்தது.

அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளைப் பார்த்துக்கொண்டே மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை கடந்து கும்மிடிப்பூண்டி போய்ச் சேர்ந்தோம். காப்பி வந்தது. பைப்பும் வந்தது. நாம் பிரசங்கத்தை ஆரம்பித்தோம்.

"இந்தக் கிண்ணம் சாமானிய மரமல்ல. மத்தியதரைக் கடல் ஓரத்துக் குன்றுகளில் வளரும் ஒரு புதரின் அடியில், தண்டும் வேரும் சேரும் இடத்தில் உருண்டு திரண்டிருக்கும் கட்டை. அதைத் தோண்டி எடுத்து, மணிக்கணக்கில் கொதிக்க வைத்து, மாதக்கணக்கில் உலர்த்திக் கடைகிறார்கள். பிரான்ஸ் தேசத்தில் ஸான்-க்ளோத் என்ற மலையூர் சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டிலிருந்தே இதற்குப் பேர்பெற்றது. அந்தக் கட்டை எளிதில் தீப்பற்றாது. ஆனாலும் மரம் மரந்தானே? முதல் நாளே கிண்ணம் நிறையப் புகையிலையை அடைத்து வேகமாக இழுத்தால் உட்புறம் கருகிவிடும், வெடித்தும் போகலாம்."

"அப்படியானால் என்ன செய்வது, ஸார்?" என்று நண்பர் ஆவலுடன் கேட்டார்.

"முதல் சில நாள் கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்குதான் போட வேண்டும். பிறகு பாதி. அப்புறந்தான் முழுதும். அடியில் இருப்பதைக் குழந்தையின் கையால் அழுத்துவதுபோலவும், நடுவில் ஸ்திரீயின் கையாலும், மேலே புருஷனின் கையாலும் அழுத்த வேண்டும் என்பது அனுபவஸ்தர்களின் சூத்திரம். மெள்ள இழுக்க வேண்டும். கிண்ணம் கையைச் சுடக்கூடாது. கடைசித் துணுக்கு வரை எரிந்து சாம்பலாக வேண்டும். ஒரு தடவை பிடித்தால் ஒரு நாள் ஓய்வு கொடுக்க வேண்டும். சூடாக இருக்கும்போது தண்டைக் கழற்றக்கூடாது. ஆரம்பத்தில் மரத்தின் கசப்பும் வரும், நாக்கும் எரியும், பொறுத்துக்கொள்ள வேண்டும். இப்படிச் செய்துவந்தால் கிண்ணத்தின் உட்சுவரில் ஒரு கரிப்பூச்சு படியும். அது ஒரு நாணயத்தின் கனம் வந்ததும் பைப் பழகிவிட்டது என்று அர்த்தம். அதற்குமேல் கனத்தால் சுரண்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் சூட்டில் கரி விரிந்து கிண்ணத்தையே பிளந்துவிடும். அந்தக் கரிப்பூச்சுத்தான் மரத்துக்குக் கவசம்!"

நண்பர் துள்ளி எழுந்தார்.

"ஸார், இது எங்கள் லைனிங் சமாசாரமல்லவா!"

* * *

நண்பர் விளக்கியதை நேயர்களுக்கும் சொல்லிவிடுகிறோம். அது நம் பைப் பிரசங்கத்தைவிட உயர்ந்த விஷயம்.

கும்மிடிப்பூண்டி உருக்காலைகளில் பழைய இரும்பை மின்சாரத்தால் உருக்கும் உலைகள் உண்டு. தாமிரக் குழாய் ஒன்று சுருள் சுருளாகச் சுற்றியிருக்கும். சுருள் சூடேறி உருகாமலிருக்க அந்தக் குழாய்க்குள் ஓயாமல் தண்ணீர் ஓடும். சுருளுக்கு உள்ளே இரும்புக் குழம்பு ஆயிரத்து அறுநூறு டிகிரி வெப்பத்தில் கொதிக்கும். நெருப்புக்கும் நீருக்கும் நடுவே நிற்பது ஒரு மணற்சுவர். வெண்ணிறப் படிகக்கல் மணலோடு சிறிது போரிக் ஆஸிடைக் கலந்து, இரும்பு அச்சு ஒன்றைச் சுற்றி இடித்து இடித்து இறுக்கி அந்தச் சுவரை எழுப்புகிறார்கள். அதுவே லைனிங்.

புது லைனிங்குக்கு முதல் உருக்கு மிக முக்கியம். அன்றைக்கு யாரும் அவசரப்படக்கூடாது. சூட்டை மணிக்கணக்கில், படிப்படியாக ஏற்ற வேண்டும். முதலில் ஈரம் வெளியேற வேண்டும். ஐந்நூற்றெழுபது டிகிரிக்குச் சற்றுமேல் அந்த மணல் தன் உள்ளமைப்பு மாறித் திடீரென்று விரியும். அந்தக் கண்டத்தை நிதானமாகத் தாண்ட வேண்டும். கடைசியில் உள்முகம் உருகி ஒட்டிக் கல்லாக இறுகும். பின்புறம் தூளாகவே நிற்கும். முன்னால் விரிசல் கண்டாலும் பின்னாலிருக்கும் தூள் அதை மேலே போகவிடாது. அவசரப்பட்டு ஏற்றினால் சுவர் பிளந்து இரும்புக் குழம்பு தண்ணீர்ச் சுருளைத் தொடும். அப்புறம் நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை. உலையருகில் நிற்பவர்களின் உயிர் அந்த மணற்சுவரின் பொறுப்பு.

"என் கையில் ஒரு லைனிங்கூட முதல் உருக்கில் போனதில்லை, ஸார். இந்தக் கைப்பிடிக் கிண்ணத்தையா பழக்க முடியாது!" என்றார் நண்பர்.

அவருடைய பெருமையில் நியாயம் உண்டு. நாமும் தலையை ஆட்டினோம். அதற்குள் சமையலறைக் கதவோரத்தில் நின்றுகொண்டிருந்த அம்மாள் கேட்டார்:

"அண்ணா, எனக்கு ஒன்றுதான் தெரியவில்லை. அந்தக் கரிப்பூச்சு மரத்துக்குக் கவசம் என்றீர்கள். லைனிங் உலைக்குக் கவசம் என்கிறார். இவருடைய மார்புக்கு எது கவசம்?"

ஒரு நாள் பூராவும் படித்த படிப்பில் இதற்குப் பதில் இல்லை. நாம் காப்பி டம்ளரைப் பார்த்தோம். அதில் காப்பியும் இல்லை.

நண்பர்தான் சமாளிக்கப் பார்த்தார். "இந்த ஊரில் ஆலைப் புகை இல்லாத நாள் உண்டா? ஜனங்கள் எத்தனை வருஷமாக முறையிடுகிறார்கள்! கொடியில் உலர்த்திய வேஷ்டியில் தூசி படிகிறது. அதற்கு நடுவில் இந்தக் கையளவு புகையா பெரிது?"

அம்மாள் சாந்தமாகச் சொன்னார்: "ஊர்ப் புகையை நிறுத்த ஊரே கூட வேண்டும். இதை நிறுத்த நீங்கள் ஒருவர் போதுமே."

* * *

திரும்பும் வழியில் பொன்னேரியில் இறங்கிப் பழவேற்காட்டுக்குப் பஸ் ஏறினோம். வீட்டுக்குப் போக மனமில்லை என்பதுதான் காரணம்.

டச்சுக்காரர்கள் பதினேழாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் இங்கே வந்து, 1613-ல் ஜெல்டிரியா என்ற கோட்டை கட்டி, 1690 வரையில் சோழமண்டலக் கரை வியாபாரத்துக்கு இதையே தலைமை ஸ்தலமாக வைத்திருந்தார்கள். அந்தக் காலத்து டச்சுக்காரர்கள் பெரும் புகைப்பிரியர்கள். அவர்கள் தேசத்துக் கௌடா நகரத்தின் வெள்ளைக் களிமண் சுங்கான் உலகப் பிரசித்தம். களிமண் சுங்கானைப் பழக்க வேண்டியதில்லை. கொஞ்ச நாளில் உடைந்து போகும், வேறொன்று எடுத்துக்கொள்ளலாம். பிடித்தவர்கள் பலர் இதே ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். அதன் வாசலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். புகையிலைப் பெட்டிகளில் பயங்கரப் படம் அச்சிட வேண்டும் என்று நம் சர்க்கார் 2009-ல் கட்டளை கொண்டுவந்தது. டச்சுக்காரர்கள் தங்கள் படத்தை முன்னூறு வருஷத்துக்கு முன்பே கல்லில் போட்டுவிட்டார்கள் என்று எண்ணிக்கொண்டோம்.

உள்ளே இழுக்காவிட்டால் கெடுதல் இல்லை என்ற மாப்பிள்ளையின் சாஸ்திரமும் நிற்காது. 1795-லேயே ஸோமரிங் என்ற ஜெர்மானிய வைத்தியர், சுங்கான் பிடிப்பவர்களின் உதட்டில் புற்று அதிகம் காண்பதாக எழுதிவிட்டார். 1950-ல் டால், ஹில் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள சம்பந்தத்தைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். வாயில் நிறுத்தினால் வாய், உள்ளே விட்டால் மார்பு. புகைக்கு வேறு வழி கிடையாது.

நம் தமிழர்களும் இந்த விஷயத்தில் சளைத்தவர்கள் அல்ல. நமது 'சுருட்டு' என்ற சொல்லைத்தான் ஆங்கிலேயர் தங்கள் பாஷைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். ஷெர்லாக் ஹோம்ஸ் 1887-ல் வந்த தம் முதல் கதையிலேயே திருச்சினாப்பள்ளிச் சுருட்டின் சாம்பலைப் பார்த்துத் துப்புக் கண்டுபிடித்தார். சீனிச்சர்க்கரைப் புலவர் புகையிலையைப் பழனியாண்டவனிடம் தூதே அனுப்பினார். அந்தப் 'புகையிலை விடு தூது' நூலில் ஒரு வேடிக்கைக் கதை வருகிறது. மும்மூர்த்திகளும் ஆளுக்கு ஓர் இலையைப் பெற்றார்களாம். பிறகு கேட்டபோது சிவனுடைய வில்வத்தைக் கங்கை கொண்டு போயிருந்தது; திருமாலின் துளசியைப் பாற்கடல் கொண்டு போயிருந்தது. பிரமன் மட்டும், "என் இலை போகையிலை" என்று எடுத்து நீட்டினானாம். அதுவே புகையிலை ஆயிற்றாம்.

புலவர் சிரிப்புக்காகச் சொன்னார். ஆனால் இதைவிடப் பொருத்தமான பெயர்க் காரணத்தை எந்த வைத்தியரும் சொல்ல முடியாது. ஒருமுறை வந்தால் போகாத இலை!

* * *

இது நடந்து இரண்டு மாதம் ஆகிறது. சென்ற வாரம் மறுபடியும் கும்மிடிப்பூண்டி போயிருந்தோம். இந்தத் தடவை எதையும் படித்துக்கொண்டு போகவில்லை.

பைப் அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. நண்பர் அதை எடுத்துக் காட்டினார். கிண்ணத்தின் உள்ளே பாதிக்குக் கீழ்தான் கறுத்திருந்தது.

"பதினோரு தடவை பிடித்தேன், ஸார். பன்னிரண்டாவதற்கு முன் ஆலையில் உலைக்கு மறு லைனிங் வந்தது. பழைய சுவரை இடித்துத் தள்ளினோம். எத்தனை பக்குவமாகப் பழக்கினாலும் ஒவ்வொரு உருக்குக்கும் அது கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கத்தான் செய்கிறது. கனம் குறைந்ததும் உலையை நிறுத்திப் புதிதாகச் சுவர் வைத்துவிடுகிறோம். அன்று இடித்த தூளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது இவள் அன்றைக்குக் கேட்டது ஞாபகம் வந்தது. உலையானால் மறு லைனிங் போடலாம்..."

அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. நாமும் முடிக்கச் சொல்லவில்லை. அந்த மௌனத்தில் அவருக்கு இருமல் வந்தது. முன்போல் நீண்ட இருமல் அல்ல.

புறப்படும்போது அம்மாளிடம் ரகசியமாகக் கேட்டோம்: "என்ன அம்மா, போயிற்றா?"

அவர் அலமாரியை ஒரு முறை பார்த்தார். பிறகு, "போகிறது, அண்ணா" என்றார்.